அரை விரல் நல்ல தண்ணீர்

கீழக்கரையில் ஹமீது சுல்தான் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். காலிதா வீடு என்று கேட்க வேண்டும். அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து தங்குகிறவர். ஹமீது சுல்தான் அந்தத் தங்கலிலும் சிக்கனம் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மூன்று மாத லீவு. மற்ற நாளெல்லாம் ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் அவரை வைத்துக்கொண்டது. காலிதாவை அவருடைய கடிதங்கள் வைத்துக்கொண்டன.

மற்ற வீடுகளுக்கு வரும் வளைகுடாக் கடிதங்களில் சலாம் இருக்கும், சுகம் விசாரிப்பு இருக்கும், மச்சினன் நிக்காஹுக்கு வர முடியாத வருத்தம் இருக்கும். ஹமீது சுல்தானின் கடிதத்தில் இவையெல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பிறகு இரண்டு பக்கம் பவளம். ஹோட்டலின் முன்கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் கடல் தண்ணீர், அதற்குள் உயிரோடு பவளங்கள். 'நேற்று பச்சை விரிந்தது. விரல் நுனி அளவு வாய்கள், ஒவ்வொரு வாயைச் சுற்றியும் மயிர் மாதிரிக் கைகள். ஊதாவுக்கு இன்றைக்குக் கோபம், மூடிக்கொண்டது' என்றெல்லாம் எழுதுவார். மனைவிக்கு எழுதுகிற கடிதத்தில் இன்னொருத்தியின் கோபதாபங்களை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஆண்மகன் கீழக்கரையில் அவர் ஒருவர்தான்.

காலிதாவுக்குத் தெரிந்த பவளம் இரண்டே வகை. ஒன்று கழுத்தில் கிடக்கும் சிவப்பு மணி. இன்னொன்று சுண்ணாம்புக் காளவாசலுக்கு வண்டியில் போகும் வெள்ளைக் கல். கடல் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனால் இரண்டு தெருவைத் தாண்டி, கடலுக்கு அடியில் என்ன விரிகிறது, என்ன மூடுகிறது என்று பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு எங்கே? பக்கத்து வீட்டு சுலைகா, கடிதம் வந்த நாளெல்லாம் வந்து உட்கார்ந்து, "ஒனக்கு அங்கன ஒரு சக்களத்தி இருக்கா புள்ள, கண்ணாடி வீட்டுக்குள்ள" என்பாள். காலிதா சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கடிதத்தை மறுபடி படிப்பாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது பதினெட்டு மாதம். மீதிப் பத்தரை வருஷம் அவர் எதைப் பார்த்துக்கொண்டு நின்றாரோ, அதை ஒரு தடவை அவர் பக்கத்தில் நின்று தானும் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு ஆசை. சொல்லிக் கேட்கிற ஆசையாக அது தெரியவில்லை. அதனால் சொன்னதில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷ லீவுக்கு ஹமீது சுல்தான் வந்து இறங்கினார். ஊரில் எல்லார் பெட்டியிலும் கம்பளியும் சென்ட்டும் இருக்க, இவர் பெட்டியில் கண்ணாடி ஒட்டும் பசைக் குழாய்கள் ஏழு, காற்று மோட்டார் ஒன்று, நீல வெளிச்சம் அடிக்கிற டியூப் லைட் ஒன்று. மகள் சபியா தனக்கு ஏதாவது அகப்படுமா என்று பெட்டியின் அடிவரை துழாவிப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"இந்த லீவுல ஒனக்குக் காட்டிப்புட்டுத்தான் பிளேன் ஏறுவேன்" என்றார் காலிதாவிடம். "ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு பாக்கணும்."

அவள் கூடத்தில் இருந்த தையல் மிஷினை நகர்த்தி இடம் விட்டாள்.

ராமநாதபுரத்தில் வெட்டிய ஐந்து கண்ணாடிகளைப் பஸ்ஸில் நின்றபடியே கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். பசை போட்டு ஒட்டித் தண்ணீர் நிரப்பியதும் முதல் தடவை கூடம் முழுக்க வெள்ளம். தொழுகைப் பாய் மிதந்தது. இரண்டாம் தடவை சொட்டு. மூன்றாம் தடவை நின்றது. கேன் கேனாகக் கடல் தண்ணீர் சைக்கிளில் வந்து இறங்க, அவனவன் கடலைத் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிறான், இவர் கடலையே வீட்டுக்குள் கொண்டு வருகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மணலை அலசிப் போட்டு, தண்ணீர் தெளியக் காத்திருந்ததில் லீவு பாதி போயிற்று.

பவளத்தைக் கொண்டுவந்தவர் முனியசாமி என்ற மீன்பிடிக்காரர். வாளியில் கடல் தண்ணீர், மேலே ஈரச் சாக்கு, உள்ளே உள்ளங்கை அகலத்தில் பழுப்பாக ஒரு கட்டி.

"வலையில மாட்டிக் கிழிச்சிருச்சு பாய். கல்லுன்னு நெனச்சுராதீக, உசுரு இருக்கு" என்றார். "நாங்க வஞ்சுக்கிட்டே கழட்டிக் கடல்ல வீசுறத நீங்க மேச போட்டு உக்கார வைக்கிறீக. அதுக்கும் ஒரு காலம் வருது பாருங்க."

முதல் இரண்டு நாள் அந்தப் பழுப்பின் மேல் புள்ளி புள்ளியாக ஏதோ தலைகாட்டியது. ஹமீது சுல்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் உள்ளே போனது வெளியே வரவில்லை. வாரம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. கட்டியின் மேல் சளி மாதிரி ஒரு படலம் கட்டியது. மோட்டார் சத்தம் பிடிக்கவில்லை என்று மோட்டாருக்கு அடியில் துணி மடித்து வைத்தார். வெளிச்சம் கூட என்று லைட்டை உயர்த்தினார், குறைவு என்று இறக்கினார். சுலைகாவின் கண் பட்டுவிட்டது என்று இரண்டு நாள் கதவைச் சாத்தி வைத்தார். கரண்டு நின்றால் மோட்டாரும் நிற்கும். அப்போதெல்லாம் காலிதாதான் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து விட்டுக்கொண்டே நிற்பாள், காற்று கலக்க வேண்டுமே என்று. அவளுடைய தோள் வலியை எந்தக் கடிதத்திலும் யாரும் எழுதியதில்லை.

ராமநாதபுரத்து வெயிலுக்குத் தொட்டியில் தினம் அரை விரல் தண்ணீர் இறங்கும். ஹமீது சுல்தான் காலையில் கேனைத் தூக்கி அரை விரல் கடல் தண்ணீரை ஊற்றிச் சரிசெய்வார். அதில் தப்பு இருக்கும் என்று அந்த ஜில்லாவில் ஒருவருக்கும் தோன்றாது. நல்ல தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்து, வண்டிக்காரன் வருவானா என்று தெருமுனையைப் பார்த்து நிற்கிற ஊர். அந்தத் தண்ணீரை உப்புத் தண்ணீரில் கொட்டுவதென்றால் சோற்றைக் குப்பையில் கொட்டுவது போல. கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர்தான் ஊற்றுவார்கள்.

லீவு தீரப் பத்தொன்பது நாள் இருந்தபோது, மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், காலிதா அடுப்படியிலிருந்து வந்தாள். அகப்பையில் உப்புப் பார்த்த நாக்கு. என்ன தோன்றியதோ, தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது. கேனைத் திறந்து அதிலும் ஒரு விரல் வைத்துப் பார்த்தாள்.

"சபியா வாப்பா, இங்கன வாங்க. உப்பு கூடிப்போச்சு."

"கடல் தண்ணி உப்பாத்தான் இருக்கும்."

"கேன்ல இருக்குறது கடலு. தொட்டியில இருக்குறது கருவாட்டுத் தண்ணி. உப்பளத்துல என்ன நடக்குது? தண்ணி போயிரும், உப்பு அங்கனயேதானே கெடக்கும். நீங்க தெனம் உப்ப ஊத்துறீக. அதுக்கு நாக்கு கரிக்காதா?"

பன்னிரண்டு வருஷம் தொட்டி பார்த்தவனுக்கே பாடமா என்று அவர் ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, அவளைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் வெளியில நின்னு கண்ணாடி தொடச்சவன், காலிதா. தண்ணி ஊத்துறது ஒரு மலையாளத்துக்காரரு. அந்த ரூமு சாவி அவருகிட்டதான் இருக்கும். என்னத்த ஊத்துனாருன்னு எனக்குத் தெரியாது."

அவர் எழுதிய கடிதங்களில் இரை கொடுத்தவர், வெளிச்சம் வைத்தவர், ஊதாவின் கோபத்தை ஆற்றியவர் எல்லாம் ஹமீது சுல்தான்தான். துடைத்த துணியைப் பற்றி ஒரு வரி இருந்ததில்லை. அடுப்பில் ஆணம் பொங்கும் சத்தம் கேட்டது. காலிதா போய் இறக்கி வைத்துவிட்டு, வீட்டில் மிச்சமிருந்த ஒரு குடம் நல்ல தண்ணீரிலிருந்து ஒரு செம்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணாடியத் தொடைக்காமப் பாத்தா உள்ள என்ன தெரியும்?" என்றாள். "ஒரேயடியா ஊத்துனா மெரண்டுரும். காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. மொதல்ல தொட்டியிலேருந்து ஒரு செம்பு மொண்டு வெளிய ஊத்துங்க."

அவர் மொண்டார், அவள் ஊற்றினாள். பத்தொன்பது நாளும் அப்படித்தான். வண்டித் தண்ணீர் வராத இரண்டு நாள் காலிதா தான் தலை முழுக வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள். பவளத்தின் மேலிருந்த சளி கழன்றது. பழுப்பு கொஞ்சம் தேனின் நிறத்துக்கு வந்தது. ஆனால் விரியவில்லை. கடைசி நாள் மதுரைக்குக் கார் வந்து நின்றபோதும் ஹமீது சுல்தான் குனிந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவர் நிமிர்ந்து, கண்ணாடியில் பட்ட நெற்றித் தடத்தை வழக்கப்படி கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார்.

அவர் போன ஒன்பதாம் நாள், மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போது காலிதா பார்த்தாள். வீட்டில் யாரும் இல்லை, சபியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். தேன் நிறக் கல்லின் மேல் பச்சை பச்சையாக வாய்கள் திறந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய கைகள், மோட்டார் கிளப்பிய நீரோட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. அவள் பாயைக் கையில் வைத்துக்கொண்டே சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை நின்றாள். தன்னை அறியாமல் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றிருந்தாள்.

வழக்கம்போல் வெள்ளிக்கிழமை அவருடைய போன் வந்தது. சலாம், சுகம், சபியாவின் பரீட்சை. பிறகு அவர் கேட்டார்.

"விரிஞ்சுச்சா?"

காலிதாவிடம் சொற்கள் தயாராக இருந்தன. நான்கு நாளாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அவர் எழுதியதைவிட நன்றாகவே வந்திருந்தன. வாய் வரை வந்தபோதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருஷம் அவர் எழுதினார், அவள் படித்தாள், படித்தது போதும் என்று இருந்துவிட்டாள். இப்போது இவள் சொன்னால் அவர் கேட்பார். கேட்டது போதும் என்று அவருக்கும் ஆகிவிடும்.

"வந்து பாருங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. உசுரோட இருக்கா, அத மட்டும் சொல்லு."

"வந்து பாருங்க."

கார்டு தீர்ந்ததோ, அவரே வைத்துவிட்டாரோ, லைன் அறுந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஷார்ஜாவிலிருந்து சனிக்கிழமை போன் வந்த வழக்கமே இல்லை. காலிதா தொட்டிக்கு அரை விரல் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. செம்பைக் கீழே வைக்காமலே போய் எடுத்தாள்.