இடது கை உருவும் என் வலது மணிக்கட்டும்

மாரண்டஹள்ளியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி இரண்டாவது வருஷம். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் நான் மகாராணி. சொந்தக்காரர்கள் ரொட்டியும் பிஸ்கட்டுமாக வந்து, கட்டைத் தட்டிப் பார்த்து, உள்ளே வலிக்கிறதா என்று விசாரித்தார்கள். பார்க்க வந்த ஒரு சித்தி ஒரு மாதம் தங்கிவிட்டுப் போனார்.

கட்டைப் பிரித்தபோது எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. வலியோ முன்னைவிட மோசம். சேலைத் தலைப்பு பட்டாலே எரிந்தது. கை ஒருநாள் சிவந்து வீங்கும், மறுநாள் ஜில்லென்று கிடக்கும். மாமியார் எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் செருகி, வருகிறவர்களுக்கெல்லாம் வெளிச்சத்தில் காட்டினார். எட்டுப் பேருக்கு ராகிக் களி கிண்டப் பயந்துகொண்டு மருமகள் நடிக்கிறாள் என்பது அவர் தீர்ப்பு. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொய்க்காரி என்ற பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரே ஒருவராவது நம்பினால் போதும் என்றிருந்தது.

என் கணவர் நடுநிலைக்காரர். அதாவது வாயே திறக்கமாட்டார். கை குணமானால் குலசாமிக்கு வெள்ளித் தகட்டில் கை உரு செலுத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். எக்ஸ்ரேதான் குணம் என்கிறதே என்று ஒன்றை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். கட்டைவிரல் எந்தப் பக்கம் இருந்தது என்று மாமியார் கேட்டார். இவர் யோசித்து யோசித்து, கடைசியில் தன் இடது கையை நீட்டினார்.

மூன்று நாள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாமி இடது கையைக் குணப்படுத்திவிட்டது, அது முதலிலேயே நன்றாகத்தான் இருந்தது, அதனால்தான் வலது கையில் வலி போகவில்லை என்று முடிவானது. நடிக்கிறவளுக்கு ஏது வலி என்று யாரும் கேட்கவில்லை. உரு விற்ற கடைக்காரர், தகடுதானே, திருப்பிப் பிடித்தால் வலது கை என்றார். உண்டியலுக்குள் அது எப்படிக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வலது கை ஒன்று புதிதாக வாங்கி, என் கையாலேயே போடச் சொன்னார்கள். தகடு உள்ளங்கையில் பட்டதும் அலறிவிட்டேன். சாமி முன்னாலேயே நடிக்கிறாள் என்றார் மாமியார்.

என் பொய்யை நிரூபிக்க மறுநாளே தருமபுரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு துணுக்குப் பஞ்சால் என் கையை லேசாகத் தொட்டார். நான் துள்ளினேன். அவர் மாமியாரைப் பார்த்துப் பேசினார். அடிபட்டால் அந்த இடத்து நரம்பு சத்தம் போடும். ரத்தத்திலிருந்து காவல் அணுக்கள் ஓடிவந்து புண்ணை ஆற்றும். வேலை முடிந்ததும் அவை போய்விட வேண்டும். சிலருக்குப் போவதில்லை. அவை கசியவிடும் சரக்கு நரம்பைச் சீண்டும், நரம்பு இன்னும் ஆளைக் கூப்பிடும். பார்க்க வந்த விருந்தாளி டேரா போட்டது மாதிரி என்றார். மாமியாருக்குச் சித்தி ஞாபகம் வந்திருக்க வேண்டும், தலையை ஆட்டினார். இதெல்லாம் இன்னும் முழுசாகத் தெரியாது, கையை மெல்ல மெல்லப் பழக்கித்தான் சரிசெய்ய வேண்டும் என்று டாக்டர் மாத்திரை எழுதினார்.

"அப்ப இவ நடிக்கலீங்களா?"

"இல்லைம்மா. எலும்பு கூடினது நெசம், வலியும் நெசம்."

நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். டாக்டர் பயந்துபோய்ப் பஞ்சைத் தூக்கிப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மாமியார் எக்ஸ்ரே படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலக்கோடு தாண்டிய பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"கெணத்து மேட்டுல நான் உளுந்து பதினெட்டு வருசமாச்சு கண்ணு. இடுப்பு இன்னும் வலிக்குது. நாந்தான் நடிக்கிறேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."