இரண்டு கரும்பச்சைக் கார்கள்

பெட்ரோல் வாடையோடு வெள்ளை டேப்பைக் 'கர்ரக்'கென்று கிழிக்கும் சத்தமும் சேர்ந்து வந்தால், அன்று பந்தய ஞாயிறு. எழுபதுகளில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், அப்பாவும் பக்கத்து வீட்டுச் செல்வம் மாமாவும் ஒரே ஆளிடம் வாங்கிய, ஒரே கரும்பச்சை நிறத்தில் இருந்த இரண்டு பழைய இங்கிலாந்துக் கார்களை வாரமெல்லாம் வேலைக்கு ஓட்டிவிட்டு, அன்றைக்கு மட்டும் கண்ணாடி உடைந்து சிதறாமலிருக்க முன்விளக்குகளில் அந்த டேப்பைக் குறுக்காக ஒட்டி, பத்து தீகா என்ற ஊரின் கார் பந்தயத் திடலுக்குக் கொண்டு போவார்கள். போனதும் நம்பர் பிளேட்டுகளைக் கழற்றிவிடுவார்கள்; படம் பத்திரிகையில் வந்து மேலதிகாரி கண்ணில் பட்டால் வம்பு என்ற பயம்தான். 'காடி பைத்தியங்க' என்று, காரைக் காடி என்றே சொல்லும் அம்மா திட்டுவார். ஒருமுறை வளைவில் கதவு திறந்துகொள்ள, செல்வம் மாமா அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடியே ஓட்டி முடித்தார். கடைசியாக வந்ததற்கே எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு வைத்தார்கள்.

அப்படி ஒரு பந்தய ஞாயிறு, நல்ல மழை. சாயங்காலம், லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணன் நனைந்தபடி வாசலுக்கு வந்தபோது, செல்வம் மாமாவின் மனைவி சரசு அத்தையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

"அக்கா, கிள்ளான் ரோட்ல பச்சக் காடி ஒண்ணு சாக்கடையில கவுந்து கெடக்கு. ஆள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ட்டாங்களாம்."

அத்தை பதறினார். "எந்தக் காடிண்ணே? ரெண்டும் ஒரே மாதிரிதானே?"

"நம்பர நல்லா பாத்தேன்லா. இந்த அக்கா வீட்டுக் காடிதான்."

அத்தை மெல்ல மூச்சு விட்டதை நான் பார்த்தேன். உடனே அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டார். "ஒண்ணும் ஆவாதுக்கா. எங்க வீட்டுக்காரரு வந்துரட்டும், ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அடுப்பில் வாணலி புகைந்துகொண்டிருந்தது, யாரும் அணைக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று எங்கள் கார் நம்பரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன், சொல்லச் சொல்ல அது வேறு யாருடையதாகவோ ஆகிவிடும் என்பதுபோல.

வாசலில் கார் வந்து நின்றது. முன்னால் செல்வம் மாமாவின் நம்பர்.

"இந்தா, வந்துட்டாரு!" என்று அத்தை அம்மாவின் கையை விடாமல் இழுத்துக்கொண்டு மழையில் ஓடினார்.

இறங்கியவர் அப்பா.

அம்மா சிரித்துவிட்டார். அழுகைக்கு முன்னால், அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. அத்தையின் கை அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "செல்வம் கிள்ளான்ல தங்கச்சிய பாத்துட்டு வரேன்னான். இன்னும் வரலயா?" என்றார்.

அத்தை குனிந்து, அந்த நம்பர் பிளேட்டை விரலால் தடவிப் பார்த்தார். பந்தயம் முடிந்து, மழையில் அவசர அவசரமாகத் திருகியதில் இரண்டு பேரும் பிளேட்டை மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

மாமா பிழைத்தார், ஆனால் கோலூன்றித்தான் நடந்தார். சில மாதங்களில் அவர்கள் கிள்ளானுக்கு வீடு மாறினார்கள். தீபாவளிக்கு அம்மா கொடுத்தனுப்பும் முறுக்கு டப்பா ஒவ்வொரு வருடமும் இனிப்போடு திரும்பி வரும்; அத்தை மட்டும் வந்ததில்லை.

இன்று அந்தத் திடல் இருந்த இடத்தில் வீடுகள். எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்க முடியாத உயரத்தில் கட்டடங்கள். அப்பாவும் மாமாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. சென்ற மாதம் அத்தை இறந்த செய்தி வந்தபோது, அம்மா வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சிரிச்சத அவ பாத்தா," என்றார். "ஒரு வார்த்த திட்டியிருக்கலாம்டி."