தண்டவாளம் தாண்டிய பின் பேசலாம்

கொல்கத்தாவில் ஒரு தமிழ்ப் படம் பெரும்பாலும் ஞாயிறு காலையில் மட்டும்தான் ஓடுகிறது. ஜாதவ்பூர் பக்கத்து மாலில் படம் பார்த்துவிட்டு லேக் கார்டன்ஸுக்கு நானும் தம்பியும் நடந்தே திரும்புவோம். ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்வரை படத்தைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

சட்டம் வரக் காரணம் அவன்தான். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு பழைய தியேட்டரில் தமிழ்ப் படத்துக்கு அடுத்தடுத்து இரண்டு காட்சிகள் போட்டார்கள். முதல் காட்சி முடிந்து வெளியே வந்ததும், "கடைசில அந்த டாக்டர்தான்பா கொலைகாரன்!" என்று அவன் அப்பாவிடம் உரக்கச் சொன்னான். பஸ்ஸிலும் கடையிலும் தமிழில் எதைச் சொன்னாலும் யாருக்கும் புரியாது என்ற தைரியத்திலேயே வளர்ந்தவன். அடுத்த காட்சிக்கு வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பாதிப் பேர் கிடர்பூரில் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள். "டிக்கெட்டை உங்க பையன்கிட்டயே குடுத்துடறோம் சார்" என்றார் ஒருவர். அன்று அப்பா போட்ட சட்டம் அவருக்குப் பிறகும் நிலைத்தது.

தண்டவாளத்தைத் தாண்டியதும் சண்டை தொடங்கும். பாட்டு கதையை ஓர் அடியாவது நகர்த்த வேண்டும் என்பது என் கட்சி. பாட்டென்றால் முதல் சரணத்துக்கு முன்னால் வரும் இசைதான், மற்றதெல்லாம் அதற்கு வைத்த சட்டகம் என்பது அவன் கட்சி. அழுகைக் காட்சியில் வயலின் வாசித்தால் எழுந்து போய்விடுவான். "அழறதுக்கு எனக்குத் தெரியாதா? அவன் எதுக்குச் சொல்லிக் குடுக்கறான்?" என்பான். டிவி சீரியலில் மாமியார் ஒருத்திக்குத்தான் மூளை இருக்கிறது, எனவே அவள் கட்சியில் சேருவதுதான் நியாயம் என்பான். போனில் கால்பந்து விளையாடும்போது வேண்டுமென்றே மோசமான அணியை எடுப்பான். நல்ல அணியை வைத்து ஜெயிப்பது குமாஸ்தா வேலையாம். வங்காளத் துப்பறியும் படங்களை, "உக்காந்து பேசியே கேஸை முடிச்சிடறாங்க" என்று ஒரே வரியில் தள்ளுவான்.

பத்திரிகையில் பிறர் எழுத்தை வெட்டியே பிழைத்தவள் நான். அவன் வாதங்களில் ஓட்டை கண்டுபிடிப்பது எனக்குக் கடினமில்லை. ஓட்டையைக் காட்டினாலும் அவன் ஒத்துக்கொண்டதே இல்லை. வீட்டு வாசலில் அவனுடைய வங்காளி மனைவி கதவைத் திறந்து, "ஆஜ் கே ஜித்லோ?" என்பாள். இன்று யார் ஜெயித்தது என்ற அந்தக் கேள்விக்கு, "நான்தான். இவ இன்னும் யோசிச்சிட்டிருக்கா" என்பதுதான் அவனுடைய ஒரே பதில்.

போன குளிர்காலத்தில் அவன் சீரியல் பார்ப்பதை நிறுத்தினான். டிவி ஓடும், அவன் சுவரைப் பார்ப்பான். அப்பாவைப் போல அவனும் பார்த்துவந்த துறைமுக வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மூளையின் முன்பகுதி சுருங்குகிறது என்றார் டாக்டர். ஞாபகம் இப்போதைக்குப் போகாது, பிடித்தது பிடிக்காதது முதலில் போகும் என்றார். அதை நானும் அவன் மனைவியும் நம்பவில்லை. அவள் என்னை வங்காளத்தில் அக்கா என்று கூப்பிட்டு, சினிமா பார்த்தே கற்றுக்கொண்ட தமிழில் சொன்னாள்: "திதி, நீங்க படத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. சண்டை போட்டான்னா டாக்டர் சொன்னது பொய்."

படத்தை நானே தேர்ந்தெடுத்தேன். அவன் வெறுக்கும் எல்லாம் அதில் இருந்தன. தாய் சாகும் காட்சியில் வயலின்கள் வரிசையாக எழுந்தன. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பாப்கார்ன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்தோம். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆட்டோ வரிசை, பழக்கடை, மீன் கூடைகள் எல்லாவற்றையும் கடந்தோம். பேசாமல் வருவது நோயா, சட்டமா என்று எனக்குத் தெரியவில்லை. தண்டவாளத்தில் இருபுறமும் பார்த்து, என் முழங்கையைப் பிடித்துக் கடக்க வைத்தான். அந்தப் பக்கம் போனதும் நின்று, என் பக்கம் திரும்பினான். சட்டம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது.

"எப்படிடா இருந்தது?"

"நல்லாருந்தது."

"அந்த அம்மா சாகற சீன்?"

"நீ என்ன சொல்ற?"

"பிரமாதம். அதுவும் அந்த வயலின்."

"ஆமாக்கா. பிரமாதம்."

"பாட்டெல்லாம்?"

"நீ சொல்றதுதான்."

பொறுக்க முடியாமல் அவன் கட்சியை நானே எடுத்துப் பேசினேன். "என்னடா, அழறதுக்கு நமக்குத் தெரியாதா? அவன் எதுக்குச் சொல்லிக் குடுக்கறான்?" என்றேன். அவனுடைய வரி, அவனுடைய இழுப்போடு. அவன் மரியாதையாகச் சிரித்தான். புதிதாக அறிமுகமான ஒருவருடைய நகைச்சுவைக்குச் சிரிப்பது போன்ற சிரிப்பு.

"அதுவும் சரிதான்" என்றான்.

மீதி வழியையும் நடந்தோம். அவன் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். வெயில் ஏறியிருந்தது.

மணி அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது. அவன் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, வழக்கமான குரலில், "ஆஜ் கே ஜித்லோ?" என்று கேட்டாள்.

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு என்னைக் காட்டினான்.

"அக்காதான் ஜெயிச்சா."