ரொக்கம் வாங்காத தோமாயிஸ்

எங்கள் தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், ஞானஸ்நானம் என்றாலும், முதல் நாளே தோமாயிஸிடம் தலையைக் கொடுத்துவிட வேண்டும். கிரீஸில், கவாலா துறைமுகத்திலிருந்து மேலே ஏறுகிற தெரு அது. அவளுடைய பார்லருக்கும் என் காப்பிக்கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் டிரையரைப் போட்டால் என் கடையில் பேசுவது கேட்காது. நான் கொட்டை வறுத்தால் அவள் வாடிக்கைக்காரிகளின் தலையெல்லாம் காப்பி மணக்கும். இதை வைத்தே சண்டை போட்டுப் போட்டுச் சிநேகிதிகளானவர்கள் நாங்கள். என் பெயர் எவந்தியா.

தோமாயிஸுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கத்தரி அவள் கையில் தண்ணீர் மாதிரி ஓடும். ஆனால் வாயில் ஒரு சொல் மட்டும் வராது. "முடியாது" என்கிற சொல். சாயம் போட்டுவிட்டு ஐந்து யூரோ குறைத்துக்கொள் என்றால் குறைத்துக்கொள்வாள். கடை அடைக்கிற நேரத்தில் வந்து உட்கார்ந்தால் மறுபடி விளக்கைப் போடுவாள்.

இதை நன்றாக அறிந்தவன் அவளுடைய அண்ணன் ஃபோத்திஸ்.

மதியம் ஆனால் அவன் வருவான். வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான். பல்லில்லாத பொலிக்ஸெனிக் கிழவியிடம், "என்ன பெரியம்மா, இன்னைக்காவது என்னைக் கட்டிக்கறீங்களா? இல்ல, இன்னும் நல்ல வரனா பார்க்கறீங்களா?" என்பான்.

"உன்னைக் கட்டிக்கிட்டா என் பென்ஷனையும் பந்தயத்துல வச்சிருவே. போடா!"

தலையில் ரோலரோடு உட்கார்ந்திருக்கும் எல்லாரும் சிரித்து முடிப்பதற்குள் அவன் கை கல்லாவுக்குள் போய்த் திரும்பியிருக்கும்.

"தோமா, இருபது எடுத்திருக்கேன். திங்கக்கிழமை தந்துடறேன்."

எந்தத் திங்கட்கிழமை என்று அவனும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கெட்டவன் இல்லை அவன். சலவைக்கல் குவாரி மூடியபோது வேலை போனது. அப்பா பக்கவாதத்தில் விழுந்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது, அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டியவன் அவன்தான். தோமாயிஸ் கடையில் நின்றாள், அவன் வீட்டில் நின்றான். அப்பா போன பிறகு அவனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மூலையில் பந்தயக்கடை இருந்தது. கால்பந்து ஆட்டம் எந்த நாளும் எங்காவது நடந்துகொண்டுதானே இருக்கிறது.

"கல்லாவுக்கு ஒரு பூட்டுப் போடேன்டி" என்றேன் ஒருநாள்.

"அவன் வந்து இழுத்துப் பார்ப்பான். பூட்டியிருக்கும். அப்ப அவன் முகம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு. எனக்காகாது எவந்தியா."

அதனால் வாடகை தள்ளிப்போயிற்று. சாயக் கம்பெனிக்காரன் சரக்கை இறக்காமலே திரும்பிப் போனான்.

நாடே கடனில் மூழ்கி வங்கிகளெல்லாம் அடைத்துக் கிடந்தனவே, அந்தக் கோடைக்கு இரண்டு வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. பார்லர்கள் உட்பட எல்லாரும் கார்டு மெஷின் வைத்தே ஆக வேண்டும் என்று. தெருவே திட்டியது. வங்கியில் போட்ட பணம் கிணற்றில் போட்ட கல் என்று பார்த்துவிட்டவர்கள் நாங்கள். நான் என் பங்குக்கு நன்றாகவே திட்டினேன். ஒரு காப்பி விற்றால் என்ன நிற்கிறது, அதில் வங்கிக்காரனுக்கு வேறு கமிஷனா? தோமாயிஸ் திட்டவில்லை. மெஷினை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் துண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அதை வெளியே எடுக்க வைத்தவர்கள் பல்கேரியாவிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த பெண்கள். ஒரு சனிக்கிழமை காலையில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். கொண்டை, சுருள், பின்னல், மணப்பெண்ணுக்குப் பூ. எல்லாம் முடிந்து பர்ஸைத் திறந்தால் உள்ளே அவர்கள் ஊர்ப் பணமான லெவா. மற்றபடி கார்டு. தோமாயிஸ் துண்டுகளைக் கலைத்து மெஷினை எடுத்தாள். மணப்பெண்ணின் தங்கைதான் அதை எப்படி முடுக்குவது என்று காட்டிக்கொடுத்தாள். அது கிர்ரென்று சீட்டைத் துப்பியபோது தோமாயிஸ் பயந்து ஒரு அடி பின்னால் போனாள்.

அன்று மதியம் ஃபோத்திஸ் வந்தான். கல்லாவைத் திறந்தான். சில்லறைதான் கிடந்தது.

"என்ன தோமா, வியாபாரம் இல்லையா? கல்யாணக் கூட்டமே வந்துச்சுன்னு சொன்னாங்க?"

"வந்தாங்களே. நல்ல வியாபாரம்."

"அப்ப காசு எங்க?"

அவள் மெஷினைக் காட்டினாள். "இதுக்குள்ள போயிருச்சு."

ஃபோத்திஸ் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். காதருகில் வைத்து ஆட்டினான். தலைகீழாகப் பிடித்து உதறினான். கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு போனான்.

சாயங்காலம் தோமாயிஸ் என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். "நான் அவன்கிட்ட ஒண்ணுமே சொல்லலே. அவன் மனசும் நோகலே. ஆனா காசு இருக்கு" என்றாள், புதையல் கண்டவள் போல.

அடுத்த வாரம் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டினாள். இங்கே கார்டு மட்டும்.

பொலிக்ஸெனி அட்டையைப் படித்துவிட்டு உள்ளே வந்தாள். "ஏன்டி, என் நோட்டுல சொறி பிடிச்சிருக்கா?"

"ஐயோ, இல்ல பெரியம்மா. உங்களுக்கும் பேங்க்ல கார்டு குடுத்திருப்பாங்களே."

"குடுத்தான். ரகசிய எண் மறந்துடக் கூடாதுன்னு கார்டு மேலயே எழுதி வச்சேன். என் மருமகன் பார்த்துட்டுப் பிடுங்கி அலமாரில வச்சுப் பூட்டிட்டான்."

கோபித்துக்கொண்டு அடுத்த தெரு பார்லருக்குப் போனாள். அங்கே டிரையர் காதைச் சுட்டதாம். இரண்டே மாதத்தில் மருமகனிடமிருந்து கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சிலர் வரவே இல்லை. ஆனாலும் வாடகை தேதி தவறாமல் போனது. சாயக் கம்பெனிக்காரன் சரக்கை இறக்கினான். தலை அலசும் தொட்டியின் ஒழுகலுக்கு ஆள் வந்து சரி செய்தான். ஃபோத்திஸ் எப்போதாவது வருவான், கல்லாவைத் திறந்து பார்ப்பான், உள்ளே கொண்டை ஊசிகள் இருக்கும். மூடிவிட்டுப் போவான்.

இப்படியே போயிருந்தால் இதை நான் சொல்ல வேண்டியிருக்காது. கலியோப்பி வந்தாள்.

மேல் தெருவில் இருப்பவள். ஐம்பதை நெருங்குகிறவள், மெல்லப் பேசுவாள். முன்பெல்லாம் தவறாமல் வந்து சாயம் போட்டு, சிறிதாக மடித்த நோட்டைத் தோமாயிஸின் கையில் வைத்துவிட்டுப் போவாள். அட்டை ஒட்டிய பிறகு வரவில்லை. மற்றவர்களைப் போல இவளும் வேறு கடை பார்த்துக்கொண்டாள் என்று நினைத்தோம். நவம்பர் மாதம் மழையில் வந்தாள். வகிட்டில் விரல் அகலத்துக்கு நரை தெரிந்தது. வேறு எந்தக் கடைக்கும் அவள் போகவில்லை.

நான் காப்பித் தட்டோடு உள்ளே நுழைந்தபோது தோமாயிஸ் அவள் தலையை அலசி முடித்திருந்தாள்.

"தோமாயிஸ், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நோட்டா வாங்கிப்பியா?" என்றாள் கலியோப்பி.

"போர்டு போட்டிருக்கேனே கண்ணு. கார்டு கொண்டு வரலேன்னா அப்புறமா வந்து குடு, ஒண்ணும் அவசரமில்ல."

"வேண்டாம். அப்ப நான் வர்றேன்." சொட்டச் சொட்ட ஈரத் தலையோடு எழுந்துவிட்டாள். துண்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள்.

"மழை பெய்யுது, எங்க போறே? உட்காரு!" என்று நான்தான் அதட்டினேன்.

உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பார்க்காமல் மடியைப் பார்த்துச் சொன்னாள். "கார்டு இருக்கு. என் பேரும் அதுல இருக்கு. ஆனா நான் ஒரு ரொட்டி வாங்கினாக்கூட அவர் போன்ல டிங்னு அடிக்கும். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொண்ணா கேப்பார். இது எதுக்கு, அது எதுக்கு, நேத்து வாங்கினது என்னாச்சு. அடிக்க மாட்டார். கேப்பார், அவ்வளவுதான்."

பையிலிருந்து மடித்த நோட்டை எடுத்துக் காட்டினாள்.

"சந்தையில காய்கறிக்கு மட்டும் ரொக்கமாக் குடுப்பார். அதுல மிச்சம் பிடிச்சது இது. இதை நான் எங்க செலவு பண்ணேன்னு யாருக்கும் தெரியாது. இது ஒண்ணுதான் என்னோடது."

"சாயம் போட்டா தலையைப் பார்த்தே தெரிஞ்சுக்க மாட்டாரா?" என்றேன் நான்.

கலியோப்பி முதல் முறையாகச் சிரித்தாள். "அவர் போனைத்தானே பார்ப்பார். என்னை எப்பப் பார்த்தார்?"

தோமாயிஸ் துண்டை எடுத்து மறுபடி அவள் கழுத்தில் சுற்றினாள். சாயம் கலக்கினாள். வெட்டினாள், உலர்த்தினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு அந்த நோட்டை வாங்கிக் கல்லாவில் போட்டு, மீதியைக் கொடுத்து, ரசீதும் அடித்தாள். கலியோப்பி மீதியை எடுத்துக்கொண்டு ரசீதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

அவள் தெரு திரும்பியதும் தோமாயிஸ் கண்ணாடியிலிருந்து அட்டையை உரித்தாள். பசை போகவில்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

"அப்ப ஃபோத்திஸ்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். இத்தனை நாளா மெஷின் எனக்குப் பதிலா அவன்கிட்டப் பேசிட்டிருந்துச்சு. இனிமே நானே பேசணும்" என்றாள்.

எங்கள் ஊரில் செய்தி மீன் வண்டியைவிட வேகமாகப் போகும். மூன்றாம் நாளே ஃபோத்திஸ் வந்தான். பொலிக்ஸெனியிடம் வழக்கமான வேடிக்கை. கை கல்லாவுக்குப் போயிற்று. தோமாயிஸ் கத்தரியோடு வந்து கல்லா மேல் தன் கையை வைத்தாள்.

"எடுக்காதே அண்ணா."

அவன் வேடிக்கை என்று நினைத்தான். "பத்துதான் தங்கச்சி."

"பத்தும் வேண்டாம்."

"இது அம்மா ஆரம்பிச்ச கடை, தெரியுமில்ல?"

"அம்மா கடைதான். வாடகை நான் கட்டறேன்."

"ஓ!" அவன் முகம் சிவந்தது. "அப்பாவை யாரு தூக்கினா? யாரு கழுவி விட்டா? நீயா?"

"நீதான். அதை நான் மறந்தா இந்தக் கை அழுகிப் போகட்டும். சாப்பாடு இல்லைன்னு வா, போடறேன். மின்சாரத்தை வெட்டிட்டான்னு வா, நானே போய்க் கட்டறேன். பந்தயக்கடைக்கு முடியாது அண்ணா. என்னால முடியாது."

ஃபோத்திஸ் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. கல்லாவைப் படாரென்று ஒரு அறை அறைந்துவிட்டுப் போனான்.

தோமாயிஸ் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள். பொலிக்ஸெனி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வலது பக்கம் குட்டையாயிருச்சு. பரவாயில்ல, வெட்டு. இன்னைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கிறிஸ்துமஸுக்கும் அவன் வரவில்லை. தோமாயிஸ் என் கடையில் உட்கார்ந்து அழுதாள். ஒருநாள் உறையில் பணம் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குக் கிளம்பியும்விட்டாள். பாதி வழியிலிருந்து திரும்பி வந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, தாசோஸ் தீவுக்குப் போகும் படகில் கயிறு கட்டவும் கார்களை வரிசையாக நிறுத்தவும் ஆள் எடுத்தார்கள், அதில் சேர்ந்திருக்கிறான் என்று.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வந்தான். வெயிலில் கறுத்திருந்தான். பார்லருக்குள் நுழையாமல் கண்ணாடியில் தட்டி, "காப்பி குடிக்க வர்றியா?" என்றான். என் கடையில்தான் உட்கார்ந்தார்கள்.

"திருந்திட்டேன்னு நினைச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை பந்தயம் வைக்கத்தான் செய்யறேன்" என்றான் அவன்.

"அது உன் பாடு, உன் காசு" என்றாள் அவள். பிறகு வெகுநேரம் படகைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அவன் கையில் இருந்த கயிற்றுக் காயத்துக்குக் களிம்பு தடவினாள். காசு கொடுக்காமல் நழுவப் பார்த்தவனை நான் வாசலில் மறித்து வாங்கினேன்.

கலியோப்பி தன் நோட்டோடு வந்துகொண்டிருந்தாள். மழை நின்று சுற்றுலாக் கூட்டம் தொடங்கியதும் தோமாயிஸுக்கு இரண்டு கை போதவில்லை. ஒருநாள் கேட்டாள்: "செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் தலை அலச வர்றியா? சம்பளம் தர்றேன்."

கலியோப்பி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வந்து, என்னிடம்தான் கேட்டாள். "எவந்தியா, சம்பளம் போட பேங்க்ல என் பேர்ல மட்டும் ஒரு கணக்கு திறக்க முடியுமா? துணைக்கு வர்றியா?"

கடையை அடைத்துவிட்டுப் போனேன். உள்ளே இருந்த பெண், "கணவரோடு சேர்த்தா?" என்று வழக்கமாகக் கேட்டாள். "இல்ல, நான் மட்டும்" என்றாள் கலியோப்பி. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் கணவரிடம் அவளே எல்லாம் சொன்னாளாம். அவர் மூன்று சாயங்காலம் கேள்வி கேட்டாராம். "கேட்டுக்கிட்டே இருந்தார். நான் துணி மடிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். வேலைக்குப் போகாதே என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

இப்போது தோமாயிஸின் கடையில் நோட்டும் வாங்குவார்கள், கார்டும் வாங்குவார்கள். நானும் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கமிஷனைத் திட்டுவதை நிறுத்தவில்லை. கலியோப்பி முடி வெட்டப் பழகிக்கொண்டிருக்கிறாள். பொம்மைத் தலைகளை வெட்டி முடித்துவிட்டாள், அடுத்து உயிருள்ள தலை ஒன்று வேண்டுமாம். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.