சுத்தமான கரண்டும் என் வயிற்றுக் கலக்கமும்

பெங்களூரில், லைன் கரண்டின் இரைச்சல் சேராமல் பாட்டு கேட்க நினைப்பவர்களின் வீட்டு செட்டுக்குச் சோலார் பேனலும் பேட்டரியும் மாட்டிக் கொடுப்பது என் தொழில். நீங்களும் அடுத்தவர் வீட்டு வயரைத் தொட்டுப் பிழைப்பவர் என்றால், அவர்கள் முதல்முறை சுவிட்ச் போடும்போது வயிறு என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரைச்சல்

வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை பார்க்கும் ரமேஷ் வீடு. எல்லாம் மாட்டி முடித்தும் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினேன். சட்டை நனைந்துவிட்டது. ரமேஷ் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அவர் மனைவி கவிதா, போனுக்குச் சார்ஜ் போட இடமில்லாமல், பாட்டு ஓடும் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினார். இரைச்சல் நின்றது. அது ஒன்றுதான் சோலாரில் சேராமல் வீட்டு லைனில் இருந்திருக்கிறது. கவிதா சொன்னார்: "அடுத்த வாட்டி முதல்ல என்னைக் கூப்பிடுங்க."

இரண்டு போல்ட்

பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலைக்குப் போகும் முருகேசன் வீட்டு மாடியில் பேனல் மாட்டினேன். இரண்டு போல்ட் குறைந்தது. நாளைக்கு வந்து போடுகிறேன் என்றேன். ஒரு வாரம் போகவில்லை.

ஒரு மத்தியானம் பலத்த காற்றோடு மழை. பேனல் ஆடுகிறது என்று முருகேசனிடமிருந்து போன். ஓசூர் ரோடு டிராஃபிக்கில் பஸ் நகரவே இல்லை. மனசுக்குள் அந்தப் பேனல் நூறு தடவை விழுந்தது. போய்ப் பார்த்தால், முருகேசன் ஒரு பக்கம் கழன்று சந்துக்கு மேலே தொங்கும் பேனலை மனைவியின் புடவையால் கட்டி, நனைந்தபடி இழுத்துப் பிடித்திருக்கிறார். திட்டுவார் என்று நின்றேன். "பாட்டு போனா போகட்டும்ணா. கீழ பசங்க விளையாடுற இடம். அந்த ரெண்டு போல்ட்ட மட்டும் இன்னிக்கே போட்டுடுங்க."

பக்கத்து வீட்டு மெஷின்

சிவாஜிநகரில் சந்தானம் சார், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். ஸ்பீக்கரில் கொசு பறக்கிற அளவுக்குச் சத்தம் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார். நான் மாட்டிக் கொடுத்த பேட்டரியில் யாரையும் போன்கூட சார்ஜ் செய்ய விடமாட்டார்.

ஒருநாள் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. போனில் அவர் குரலே மாறியிருந்தது. "தம்பி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பாட்டுக்கா சார்?"

"பக்கத்து வீட்டு மும்தாஜம்மாவோட ஆக்சிஜன் மெஷினுக்கு. சிலிண்டர் இன்னும் வரல."

மூன்று நாளாக வெயிலே இல்லை. ஒரு மணி நேரம்கூடச் சந்தேகம். இன்னொரு பேட்டரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இன்வெர்ட்டர் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தது. மாற்றுவதற்கு மெஷினை ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். மும்தாஜம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் ஒருமுறை நழுவியது. திரும்பவும் 'டக் டக்' என்று மெஷின் ஓட ஆரம்பித்தபோதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

அரை மணியில் சிலிண்டர் வந்தது. அதுவரை அந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சந்தானம் சார் மெதுவாகச் சொன்னார்: "இந்தச் சத்தம் நிக்காம இருந்தா போதும்னு இருந்துச்சு தம்பி."

பேட்டரி வாங்கும் எல்லோரும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். பதில் சொன்ன நான்தான் விழித்துக்கொண்டிருக்கிறேன்.