தலைகீழாக நின்ற கணக்கு சார்

ஏழாம் வகுப்பில் எங்கள் கணக்கு சாரை நான் பதினோரு முறை தலைகீழாக நிற்க வைத்தேன். எல்லாம் என் கணக்கு நோட்டில்தான். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வேண்டுமென்றால் இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். நான் முதலாவதைத் திருப்பிவிட்டு முட்டை வாங்குவேன். ஒருநாள் ஐந்தில் இரண்டை எடுத்து, மேலே இருந்த இரண்டைத் தலையாகவும் கீழே இருந்த ஐந்தைத் தொப்பையாகவும் வரைந்தேன். மீசை வைத்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவரைக் கவிழ்த்ததும் சட்டைப்பையிலிருந்து பேனா, சாக்பீஸ், நெடுங்காடு பஸ் டிக்கெட் எல்லாம் கொட்டின. அதன் பிறகு எனக்கு ஒரு கணக்கும் தப்பவில்லை.

நோட்டைப் பார்த்த சார் சிரிக்கவில்லை.

"கணக்கு தப்பா சார்?" என்று கேட்டேன்.

"கணக்கு சரி. திமிருதான் ஜாஸ்தி" என்றார். படங்களை அழித்து, வாப்பாவிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் வகுப்பில் இடம். இல்லையென்றால் வராந்தா.

வாப்பா சவுதியில், ஒரு கம்பெனி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். காரைக்காலில் எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கையெழுத்து கடல் தாண்டித்தான் வரும். உம்மா பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்புவார். வாப்பா சரி என்றதும், வாப்பாவின் கையெழுத்தை அவரைவிட அழகாக உம்மாவே போட்டுவிடுவார்.

"அழிச்சிட்டு வா, அனுப்பலாம். மானத்த வாங்காதே" என்று உம்மா ரப்பரைக் கையில் திணித்தார். நான் அதை ஜன்னல் வழியே வீசினேன். வாப்பாவிடமே திட்டு வாங்கட்டும் என்று உம்மா படங்களோடு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாப்பா கூப்பிட்டார். "தலைகீழா நிக்கிறது யாரும்மா?"

"சார்."

"எப்பவும் ரெண்டாவது ஆளத்தான் கவுக்கணுமா?"

"ஆமா வாப்பா. மொத ஆளத் தொடவே கூடாது."

வாப்பா அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ஒண்ணையும் அழிக்காதே. சதவீதத்தையும் வரஞ்சு அனுப்பு. இந்த மாசத்துக்குள்ள" என்றார்.

"நல்லா செல்லம் கொடுங்க" என்று உம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

எட்டு நாள் வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியே பாடம் கேட்டேன். அங்கே நின்றபடியே சதவீதத்துக்கு நூறு பல் பூதம் ஒன்று வரைந்தேன். பத்துப் பல் விழுந்தால் பத்து சதவீதம். அறுபது பல்லில் கை வலித்தது. யார் எண்ணப்போகிறார்கள் என்று மேலே 'நூறு' என்று எழுதி உம்மாவிடம் அனுப்பக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் சார், "உள்ள வந்து தொல" என்றார். மன்னிப்பு நான் கேட்கவேயில்லை. வாப்பா என் பக்கம் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஆறாவதோடு படிப்பை விட்ட வாப்பாவுக்கு அந்த மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வேலைக்குப் பரீட்சை இருந்தது. கூட இருந்தவர்களிடம் கேட்க வெட்கம். என் படங்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துத் தேறியிருக்கிறார். இதை என் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் சொன்னார்.

"எல்லாம் புரிஞ்சிச்சு புள்ள. அந்தப் பூதத்துக்குத்தான் நாப்பது பல்லு கொறஞ்சிச்சு. நாலு தரம் எண்ணிப் பாத்தேன். எனக்குத்தான் எண்ணத் தெரியலையோன்னு நெனச்சிட்டேன்."