கீழே இறங்கும் பெற்றோல்

எங்கள் வீட்டுக்குக் கூரைதான் வாசல். கண்டியின் சரிவுகளில் பல வீடுகள் இப்படித்தான், தெரு மேலே, வாழ்க்கை கீழே. தெருமட்டத்துக் கொங்கிரீட் தட்டில் கார் நிற்கும். அதன் ஓரமாகப் படிகள் இறங்கி எங்கள் கதவுக்கு வரும். தட்டில் மழைநீர் போக ஓர் ஓட்டை. அதன் குழாய் சாமியறை ஜன்னலுக்கு வெளியே முடிகிறது.

அந்த வெள்ளிக்கிழமை, மனைவி பாடசாலைக்குப் போன பிறகு, சாமியறையில் பெற்றோல் மணத்தது. அவளும் காலையில் அங்கேதான் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. ஊரெல்லாம் பரவிய அந்தப் பெரிய காய்ச்சலுக்குப் பின் அவளுக்கு மூக்கு வேலை செய்வதில்லை. கறி கருகினாலும் மல்லிகை மலர்ந்தாலும் ஒன்றுதான்.

மேலே ஏறிப் போய்க் காருக்கு அடியில் குனிந்தேன். பெற்றோல் தாங்கியின் மேல்விளிம்பில் மிளகளவு துளி ஒன்று திரண்டது, யோசித்தது, பக்கமாக வழிந்து விழுந்தது. சத்தமே இல்லை. தரையின் ஈரம் மழைநீர் ஓட்டைக்குள் இறங்கியிருந்தது, வழி தெரிந்தவனைப் போல.

உடுப்புச் சவர்க்காரத்தைப் பிசைந்து துளையில் அப்பிவிட்டுக் கட்டுகஸ்தோட்டைக் கராஜுக்கு ஓட்டினேன். காரை எடுத்தாயிற்று, மணமும் அதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

கராஜ்கார நாநா எனக்குப் பல வருடப் பழக்கம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தாங்கியைக் கழற்றினார். பெற்றோலைக் கேன்களில் ஊற்றிவிட்டு, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"ஓட்டை மேலதான் ஈக்கிது சேர். அரை டேங்க் அடிச்சா ஒழுகவே ஒழுகாது. ஏன் கழுத்து மட்டும் ஊத்தினீங்க?"

"கியூவில நின்ன பழக்கம் நாநா. பம்பைக் கண்டா நிரப்பாம வர மனசு கேக்குதில்ல."

"அந்தக் கியூ எப்பவோ முடிஞ்சிட்டு. ஒங்களுக்கு மட்டும் இன்னும் முடியல்லியா?" சிரித்தார்.

உண்மைதான். தட்டுப்பாட்டுக் காலத்தில் தெருவோரமாகக் காருக்குள்ளேயே தூங்கியவர்கள் நாங்கள். அந்தப் பயம் இன்னும் என் வலது கையில் இருக்கிறது. பெற்றோல் முள் உச்சியைத் தொடாமல் அது அமைதியடையாது.

சவர்க்காரத் தூள் போட்டுத் தாங்கியை மறுபடி மறுபடி அலசினார். பிறகு துளைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பினார்.

"பெற்றோல்தான் வெளியில வந்திட்டே. இனி எதுக்குத் தண்ணி?"

"பெற்றோல் போன பொறகுதான் சேர் பயம். உள்ளுக்கு அதுட மூச்சு ஈக்கிது. கனமான மூச்சு. மேல போகாது, பள்ளம் பாத்துப் படுத்துக்கும். ஒரு பொறி போதும்."

பொழுது சாயும் நேரம், துளையை அடைக்க அவர் தீச்சுவாலையைப் பற்றவைத்தபோது நான் தாங்கியைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தேன். குரங்குத் தொல்லையால், புறப்படும்போது எல்லா ஜன்னலையும் நானே பூட்டிய வீடு. பள்ளத்தில் இருக்கும் வீடு. வெள்ளிக்கிழமை, மாலை வகுப்பும் முடித்து வந்ததும் வராததுமாகக் கால் கழுவி விளக்கேற்றப் போகிறவளுக்கு மணம் தெரியாது.

போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. வகுப்புக்காகச் சத்தத்தை நிறுத்தினால் திரும்பப் போட மறப்பவள் அவள்.

கார் இல்லை. ஒரு த்ரீவீலைப் பிடித்தேன். பாலத்தில் வாகனங்கள் அசையவில்லை. கீழே மகாவலி கறுப்பாக, ஓடுவதாகவே தெரியாமல் கிடந்தது. ஊர் முழுதும் பள்ளம் தேடி எதுவோ இறங்குவதுபோல் பனி மூட்டம் வந்துகொண்டிருந்தது.

வீடு இருந்தது. விளக்கில்லாமல், வாய் மூடி இருந்தது. படிகளில் பாதியிலேயே கத்தினேன்.

"ஏத்தாத! குச்சிய உரசாத!"

சாமியறை இருட்டில் அவள் திரும்பினாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் குச்சி.

"என்னங்க, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வெளிய வா. சுவிட்சையும் தொடாத."

ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். பனி ஒரு பக்கமாக நுழைந்து மறு பக்கமாக வெளியேறியது. படியில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்குள் நாங்களில்லாமல் ஏதோ நடமாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விஷயத்தைச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டாள்.

"போயிருச்சா?" என்று கேட்டாள்.

உள்ளே போய் மூச்சை இழுத்தேன். தெரியவில்லை. பகல் முழுவதும் கராஜில் நின்ற மூக்குக்கு உலகமே பெற்றோலாக இருந்தது. இப்போது இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் மூக்கில்லை.

மேலே த்ரீவீல்காரர் இன்னும் போகவில்லை. நான் கத்தியதைக் கேட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வந்து மோந்து பாக்கிறீங்களா?"

"என்னாங்க, நாய் வேலைக்குக் கூப்பிடுறீங்க?" என்றபடியே செருப்பைக் கழற்றினார்.

இருட்டில் அறை அறையாக அவர் மூச்சு போவது கேட்டது. அலுமாரிக்குப் பக்கத்தில், கட்டிலடியில், சாமிப் படங்களுக்கு முன்னால். அங்கே வெகுநேரம் நின்றது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

வெளியே வந்து என்னை ஒருமுறை முகர்ந்தார்.

"உள்ளுக்க ஒண்ணுமில்லங்க. ஒங்க சட்டையிலதான் வருது."

"அப்ப நீங்க மேல போங்க," என்றாள் அவள்.

தெருவுக்கு ஏறினேன். கீழே குச்சி உரசியது. பற்றவில்லை. மீண்டும் உரசியது. பனியில் மஞ்சளாக ஒரு கறை ஊறியது. பெரிதாகவில்லை, அப்படியே நின்றது.

"இனி வாங்க," என்று அவள் குரல் வந்தது.

சட்டையைக் கழற்றித் தெருவோரக் கைப்பிடிக் கம்பியில் போட்டுவிட்டு, குளிரில் வெற்றுடம்போடு, ஒவ்வொரு படியாக இறங்கினேன்.